கல்லாவில் விழாத காசு

போன மாதம் பக்கத்துத் தெருவில் ரெடிமேட் கடை போட்ட ஒரு தம்பி, திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் கடைக்கு வந்தார். "அண்ணே, ஸ்வைப்பிங் மெஷின் யார்கிட்ட வாங்கலாம்? எங்க பர்சென்ட் கம்மி?" கேட்டது அவ்வளவுதான். நான் பதில் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது, நடுவில் இரண்டு தடவை காபி வந்தது. அவர் போன பிறகும் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறதே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அதையெல்லாம் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

நாங்கள் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம், தாத்தா ஆரம்பித்தது. பித்தளை, செம்பு, எவர்சில்வர், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, கல்யாணச் சீர்வரிசைச் சாமான். வெகுகாலம் வரைக்கும் ரொக்கம்தான், பெரிய பில்லுக்கு எப்போதாவது செக், தெரிந்த குடும்பங்களுக்குப் பற்று நோட்டு. 2016 பிப்ரவரியில் மகாமகம் வந்தது. மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் நாலடிக் குத்துவிளக்கு ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, எடை போட்டு, பில்லும் போட்ட பிறகு கார்டை நீட்டியது. எங்களிடம் மெஷின் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஏடிஎம் பக்கமே போக முடியாது. விளக்கை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அந்த ஜோடியைத் துணியால் துடைத்துத் திரும்பவும் அலமாரியில் ஏற்றி வைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போதும் அவர் மெஷினுக்குச் சம்மதிக்கவில்லை. "நம்ம காசு நம்ம கல்லாவுல விழணும்டா, எவன் கணக்குலயோ விழுந்து அவன் கழிச்சது போக நமக்குத் தர்றதா" என்பார். அந்த வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்கடுத்த முகூர்த்த நாளில் சீர் வாங்க வந்தவர்கள் கையில் பணமே இல்லாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் அப்பா "சரி, வாங்கு" என்றார்.

மெஷின் வாங்குவது கஷ்டமான காரியம் இல்லை. கடை பெயரில் கரண்ட் அக்கவுண்ட், பான் கார்டு, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அது, கடை லைசென்ஸ், ஒரு கேன்சல்டு செக், கடையின் உள்ளேயும் வெளியேயும் எடுத்த போட்டோ. இவ்வளவும் இருந்தால் ஆள் கடைக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். எங்களுக்கு மூன்று வாரம் இழுத்ததற்குக் காரணம் பெயர். போர்டில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் தாத்தா காலத்துப் பெயர், லைசென்ஸில் மூன்றாவதாக ஒன்று. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மெஷினுக்கு எந்தப் பெயரைப் பதிகிறார்களோ அதுதான் வாங்கியவருடைய கார்டு ஸ்டேட்மெண்டில் வரும். போர்டில் இருக்கும் பெயர் ஸ்டேட்மெண்டில் இல்லையென்றால், ஒரு மாதம் கழித்து அதைப் பார்க்கிறவர் "இது என்ன கடை, நான் இங்கே வாங்கவே இல்லையே" என்று வங்கிக்குப் புகார் எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது. எங்களுக்கு முதல் வருஷத்தில் அப்படி இரண்டு புகார் வந்தது. பெயரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகு நின்றது.

இன்னொன்றையும் அப்போதே பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் அது என்ன வியாபாரம் என்று நாலு இலக்க எண் ஒன்று போடுவார்கள், மளிகைக்கு 5411 என்கிற மாதிரி. எங்கள் விண்ணப்பத்தை யார் பார்த்தார்களோ தெரியாது, 5944 என்று போட்டுவிட்டார்கள். அது நகைக்கடை, கடிகாரக்கடை, வெள்ளிச் சாமான் கடைக்கான எண். எவர்சில்வரில் இருக்கும் சில்வரைப் பார்த்துப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எட்டு மாதம் எங்களுக்கு இது தெரியாது. ஒரு அக்கா மகள் கல்யாணச் சீரை எங்களிடம் எடுத்து, பில்லை ஆறு மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லித் தன் வங்கியைக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. நகைக்கடையில் வாங்கியதை வங்கிகள் தவணையாக மாற்றித் தருவதில்லை. "நான் அண்டாவும் குடமும்தான்யா வாங்கினேன்" என்று அந்த அக்கா எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. கோபமாக எங்களிடம் வந்தார், கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. மெஷின் வந்த அன்றைக்கே அந்த எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பர்சென்ட். தம்பி முதலில் கேட்டது இதைத்தான், நான் கடைசியில்தான் சொன்னேன், ஏனென்றால் ஒரே பர்சென்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது.

கார்டைத் தேய்க்கும்போது பணம் மூன்று கையைத் தாண்டி வருகிறது. வாங்கியவருக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒன்று, நமக்கு மெஷின் கொடுத்த வங்கி ஒன்று, நடுவில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரி ஒரு வலையமைப்பு. மூவரும் எடுத்துக்கொள்ளும் தரகின் மொத்தம்தான் எம்டிஆர். அதில் பெரிய பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. கிரெடிட் கார்டில் வாங்கியவர் அந்தப் பணத்தைச் சில வாரம் கழித்துத்தான் கட்டுகிறார், நமக்கோ மறுநாளே வந்துவிடுகிறது. அந்த இடைவெளியைச் சுமப்பது அந்த வங்கிதான். அவர்களுடைய ரிவார்டு பாயிண்டும், விமான நிலைய லவுஞ்சும்கூட நம் தரகிலிருந்துதான் பெருமளவு போகிறது.

பத்தாயிரம் ரூபாய் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரூபே டெபிட் கார்டில் தேய்த்தால் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் கிடையாது, பத்தாயிரமும் முழுசாக வரும். விசா, மாஸ்டர்கார்டு டெபிட் என்றால் ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு உண்டு. முந்தைய நிதியாண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் இருந்தால் 0.90. இது 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. எங்களுக்கு 0.90 என்பதால் 90 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 16 ரூபாய் 20 காசு. கிரெடிட் கார்டுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. நாம் பேசிக் கையெழுத்துப் போட்டதுதான் விலை. எங்களுக்கு 1.8 என்று வையுங்கள். 180 ரூபாய், ஜிஎஸ்டி 32 ரூபாய் 40 காசு, கைக்கு வருவது 9,787 ரூபாய் 60 காசு. இதே கிரெடிட் கார்டு கம்பெனிப் பெயரில் வழங்கிய கார்டாகவோ, வெளிநாட்டு வங்கி கொடுத்ததாகவோ இருந்தால் கழிவு இன்னும் கூடும். ஆக ஒரே பில், ஒரே மெஷின், ஆனால் நாலைந்து விதமான கழிவு. விற்க வருகிறவர் "வெறும் 0.4 தான் சார்" என்று சொன்னால் அது எந்தக் கார்டுக்கு என்று கேளுங்கள். ஒவ்வொரு வகைக் கார்டுக்கும் தனித்தனியாக எழுதிய தாளைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மெஷின் வாடகை, சிம் வாடகை, மாதம் இவ்வளவுக்குக் குறைந்து தேய்த்தால் அபராதம், இவையெல்லாம் வேறு ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் முதல் மெஷினுக்கு வாடகையே இல்லை என்றுதான் வாயால் சொன்னார்கள். மூன்று மாதம்தான் இல்லை, நாலாவது மாதத்திலிருந்து மாதம் நானூறு ரூபாய் கழிந்துகொண்டிருந்தது. நான் அதைக் கண்டுபிடித்தது பதினோராவது மாதத்தில்.

எங்கள் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு விற்றுமுதல் 20 லட்சத்துக்குக் கீழேதான். ஆனால் அவருக்கும் டெபிட் கார்டில் 0.90 என்றே பிடித்திருந்தார்கள். ஆடிட்டரிடம் விற்றுமுதல் சான்று ஒன்று வாங்கி, ஒரு பக்கக் கடிதத்தோடு வைத்து அனுப்பினோம், அடுத்த மாதம் 0.40 ஆனது. கேட்காதவனுக்கு யாரும் தானாகக் குறைத்துத் தருவதில்லை.

"சரி அண்ணே, இந்த ரெண்டு பர்சென்டை கஸ்டமர்கிட்டயே வாங்கிட்டா?" என்றார் தம்பி. நிறையக் கடைகளில் போர்டே மாட்டியிருக்கிறார்கள், கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல் என்று. டெபிட் கார்டில் அப்படி வாங்கக் கூடாது, வணிகர்கள் எம்டிஆரை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வங்கிகளுக்கு 2017 டிசம்பரிலேயே ரிசர்வ் வங்கி எழுதியிருக்கிறது. கிரெடிட் கார்டுக்கும் கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு இது மனசுக்கே ஒப்பவில்லை. ரொக்கத்துக்கும் செலவு உண்டு. எண்ணுவதற்கு ஒரு ஆள், கிழிந்த நோட்டு, வங்கியில் கட்டப் போகும் ஒரு மணி நேரம், ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோகும் பயம். அதையெல்லாம் நாம் யாரிடமும் தனியாக வாங்குவதில்லை. கடை வாடகை மாதிரி, கரண்ட் பில் மாதிரி இதையும் விலைக்குள் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். எவர்சில்வரில் லாபம் குறைவு, அங்கே 1.8 வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். விளக்கில் கொஞ்சம் தாங்கும். மொத்தக் கழிவை மொத்த விற்பனையோடு வைத்துப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றுக்கும் கீழேதான் வருகிறது, ஏனென்றால் பாதிப் பேர் யூபிஐயில் போடுகிறார்கள், மீதியிலும் டெபிட் கார்டு நிறைய.

யூபிஐ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யூபிஐ என்றாலே கழிவு இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயோடு இணைக்கலாம். நம் க்யூஆரை ஸ்கேன் செய்கிறவர் வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கிறாரா, கிரெடிட் கார்டிலிருந்து கொடுக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது, ஸ்பீக்கர் பெட்டி இரண்டுக்கும் ஒரே குரலில்தான் சொல்லும். சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை அதில் கழிவு இல்லை. அதற்கு மேல் உண்டு. ஒரு நாள் 6,500 ரூபாய்க்கு யூபிஐ வந்ததில் நூறு ரூபாய்க்கு மேல் குறைகிறதே என்று அரை நாள் தேடினேன். கடைசியில் இதுதான்.

மெஷினைக் கையாளும் விதத்தைப் பற்றித் தம்பியிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். எங்கள் கடைக்கு ஒரு பாட்டி வருவார், பென்ஷன் கணக்கு டெபிட் கார்டோடு. முதல் தடவை வந்தபோது கார்டை என் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, நம்பர் நாலு ஏழு..." என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்துவிட்டார். பில் போட நாலு பேர் நிற்கிறார்கள். "பாட்டி, சொல்லாதீங்க, நீங்களே அழுத்துங்க" என்று மெஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை என்றார். அவர் விரலைப் பிடித்து ஐந்தின் மேல் வைத்தேன். மெஷினில் ஐந்தின் மேல் மட்டும் சின்னதாக ஒரு மேடு இருக்கும், தடவினால் தெரியும். அதற்கு மேலே இரண்டு, கீழே எட்டு, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஆறு. இரண்டு தடவை தடவிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவரே அழுத்திவிட்டார், நான் சுவரில் மாட்டியிருந்த கரண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் வந்தவுடன் "மெஷினக் கொண்டா" என்பார்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் இது பழக்கம். கார்டு மெஷினுக்கு வராது, மெஷின்தான் கார்டுக்குப் போகும். வாங்குகிறவர் கண்ணுக்கு மறைவாக யாரும் கார்டை எடுத்துக்கொண்டு போகக் கூடாது, கார்டைப் போட்டோ எடுக்கக் கூடாது, பின்பக்க மூன்று எண்ணை எங்கேயும் எழுதக் கூடாது. 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் தட்டினாலே போய்விடும் என்பதால், தட்டுவதற்கு முன்னால் திரையில் தொகையைக் காட்டி வாயாலும் சொல்ல வேண்டும். 485-ஐ 4850 என்று அழுத்திவிட வினாடிகூட ஆகாது. அப்படி ஆனால் அன்றைக்கே, பேட்ச் மூடுவதற்குள் (அன்றைய பரிவர்த்தனைகளை மெஷினில் மொத்தமாக முடித்து வங்கிக்கு அனுப்புவதுதான் பேட்ச் மூடுவது), அந்தப் பரிவர்த்தனையை 'வாய்டு' செய்துவிட வேண்டும், சுத்தமாக அழிந்துவிடும். மறுநாள் ஆகிவிட்டால் 'ரீஃபண்ட்' போட வேண்டும். அவருக்குப் பணம் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும், நம் கழிவும் எங்கள் ஒப்பந்தப்படி திரும்ப வராது.

பணம் போய்விட்டது, ஆனால் ஸ்லிப் வரவில்லை. இதுதான் கடையில் சண்டை வரும் இடம். ஆவணி முகூர்த்தம் ஒன்றில் 22,000 ரூபாய்க்குத் தேய்த்தபோது சிக்னல் போய்விட்டது. அவர் போனில் பிடித்ததாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது, மெஷினில் "தோல்வி" என்று நின்றது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். "ஏமாத்துறீங்களா" என்று ஒருவர் சத்தம் போட்டார். அந்த நேரத்தில் எனக்குக் கை கொடுத்தது ஒரே ஒரு விதி. கடைக்கு உறுதி வராமல் கார்டில் பிடித்த பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் அவருடைய வங்கி நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. அதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்லி, மெஷினில் வந்த தோல்விச் சீட்டை அச்செடுத்து, பின்னால் தேதி நேரம் எழுதி கையெழுத்தும் கடை முத்திரையும் போட்டுக் கொடுத்தேன். சாமானையும் கொடுத்தனுப்பினேன், தெரிந்த குடும்பம்தான். மூன்றாம் நாள் பணம் அவர் கணக்குக்குத் திரும்பியது, அன்று சாயங்காலமே ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. எனக்கு இன்றைக்கும் வலிப்பது ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ஒருவர் ஒரு ஜோடி விளக்கும் பூஜைச் சாமானும் கேட்டார், 46,200 ரூபாய். கார்டில் கட்டுகிற மாதிரி பேமெண்ட் லிங்க் அனுப்பினேன். உடனே கட்டினார். அது வெளிநாட்டு வங்கி கொடுத்த கார்டு. உள்ளூர் முகவரிக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினோம். எழுபது நாள் கழித்து வங்கியிலிருந்து கடிதம். கார்டுக்குச் சொந்தக்காரர் தான் இதை வாங்கவே இல்லை என்கிறாராம், ஏழு நாளில் ஆதாரம் கொடுங்கள். பில், கூரியர் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அனுப்பினேன். செல்லவில்லை. பொருள் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நான் நிரூபித்தேனே தவிர, கார்டுக்காரர்தான் வாங்கினார் என்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வாரம் வங்கி எங்களுக்குத் தர வேண்டிய கார்டுப் பணத்தில் 46,200 ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். விளக்கும் போனது, பணமும் போனது. அப்பாவிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "சரி, இனிமே பாத்துக்க" என்றார். அதுதான் இன்னும் கனமாக இருந்தது.

நம் நாட்டு கார்டுகளுக்கு ஆன்லைனில் ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம், 2009 ஆகஸ்டிலிருந்தே இருக்கிறது. ஓடிபி போட்டுக் கட்டியதைப் பிற்பாடு "நான் இல்லை" என்று சொல்வது சுலபமில்லை, அப்படிச் சொன்னாலும் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கி பக்கம் நிற்கும். வெளிநாட்டில் வழங்கிய கார்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சரிபார்ப்பு இல்லாமல் போன பரிவர்த்தனையில் நஷ்டம் விற்றவன் தலையில்தான். இப்போது வெளிநாட்டுக் கார்டு என்றால் நேரில் வந்து சிப் வைத்துப் பின் நம்பர் போடுகிறவர்களிடம் மட்டும் வாங்குகிறோம். தூரத்திலிருந்து கேட்கிறவர்களிடம் வங்கிப் பரிமாற்றமாக அனுப்பச் சொல்கிறோம். லிங்க் வசதியில் வெளிநாட்டுக் கார்டை மட்டும் அடைத்துவைக்க ஒரு இடம் இருக்கிறது. அதை முதல் நாளே கேட்டு அடைத்திருந்தால் அந்த விளக்கு இன்னும் என்னிடம் இருந்திருக்கும்.

ஸ்லிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்டில் கட்டியவர் புகார் கொடுக்கப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. மெஷினில் வருவது 57 மில்லிமீட்டர் வெப்பக் காகிதம், வெயில் பட்டாலும் அடுப்பு ஓரத்தில் இருந்தாலும் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும், நாங்கள் பத்திரமாக வைப்பதாக நினைத்து முதல் வருஷம் அப்படித்தான் வைத்தோம். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைச் சுருள். இப்போது 5,000-க்கு மேல் போனால் உடனே போனில் ஒரு படம், ஸ்லிப் அந்தந்த மாதத்துக் காகித உறையில். இரண்டு வருஷம் வைக்கிறோம்.

இடையில் ஒருத்தர் வந்தார், நல்ல சட்டை, நல்ல பேச்சு. "ஒரு லட்சம் தேச்சுக்கங்க, மூணு பர்சென்ட் எடுத்துக்கிட்டு மீதியக் கையில குடுங்க, சாமான் எதுவும் வேணாம்." கிரெடிட் கார்டில் இப்படிப் பணம் எடுக்க ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறதே என்று கை நீட்டினால், விற்காத பொருளுக்கு நாம் பில் போட வேண்டும், இல்லாத விற்பனைக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டும், வங்கி கண்டுபிடித்தால் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு போய் நம் பெயரையும் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் எந்த வங்கியும் மெஷின் தராது. டெபிட் கார்டில் சிறு தொகை ரொக்கமாகக் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அது வேறு, அதற்கு வங்கியின் சம்மதம் வேண்டும். அப்பா அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, "நாங்க பாத்திரம் மட்டும்தான் விக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினார்.

கணக்கு எழுதும் விஷயத்தில் எங்கள் ஆடிட்டர் ஒரு நாள் நன்றாகவே திட்டினார். வங்கியில் வந்த 9,787 ரூபாய் 60 காசையே நான் விற்பனை என்று எழுதிக்கொண்டிருந்தேன். விற்பனை பத்தாயிரம்தான், ஜிஎஸ்டி கணக்கும் அதற்குத்தான். 180 ரூபாய் செலவுக் கணக்கு. 32 ரூபாய் 40 காசை உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதற்கு வங்கி தரும் மாதாந்திர வரி ரசீதில் நம் ஜிஎஸ்டி எண் சரியாக ஏறியிருக்க வேண்டும். எங்களுடையதில் ஏறவே இல்லை, ஒன்றரை வருஷம் அந்தக் காசு வீணாகப் போனது. சிறு கடைக்காரர்கள் உத்தேச லாபக் கணக்கில் வருமான வரி கட்டுகிறவர்களாக இருந்தால், ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று எடுப்பதை, வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் என்று எடுக்கலாம். மெஷினால் வரும் இந்த ஆதாயத்தைக் கழிவைத் திட்டுகிற யாரும் சொல்வதில்லை.

இதையெல்லாம் விட முக்கியம் ராத்திரி உட்காருவது. நாங்கள் ஒன்பதரைக்கு ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, மெஷினில் பேட்ச் மூடி, அந்தச் சீட்டையும் பில் புத்தகத்தையும் யூபிஐ பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எத்தனை பில், எவ்வளவு தொகை, இரண்டும் ஒட்ட வேண்டும். மறுநாள் காலையில் வங்கியில் வந்ததையும் ஒட்டிப் பார்க்க வேண்டும். சில வங்கிகள் தினமும் கழித்துக்கொண்டு மீதியைப் போடும், சில முழுசாகப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகக் கழிக்கும். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் ஒட்டவே ஒட்டாது. பதினைந்து நிமிஷ வேலை. வாடகை கழிந்தது, ஜிஎஸ்டி எண் ஏறாதது, தப்பான எண்ணில் கடை பதிந்திருந்தது, எல்லாமே நாங்கள் உட்கார்ந்து பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். கல்லாவில் விழுகிற காசை அப்பா நாற்பது வருஷம் ஒரு நாள் விடாமல் எண்ணியிருக்கிறார். கல்லாவில் விழாத காசையும் எண்ண வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்ற மூன்று வருஷம் ஆனது.

தம்பி கடை திறந்து மூன்று வாரம் ஆகிறது. முந்தாநாள் ராத்திரி கடை அடைத்துவிட்டு ஒரு மஞ்சப்பையில் ஸ்லிப்புகளைப் போட்டுக்கொண்டு வந்தார். "அண்ணே, 1,450 ரூபா ஒட்ட மாட்டேங்குது." இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தேதி வாரியாகப் பரப்பினோம். அப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் போனது. அப்பாதான் எடுத்தார், சனிக்கிழமை ஸ்லிப், நேரம் 11:08. அவருடைய மெஷினில் நாள் முடிவது ராத்திரி பதினொன்றுக்கு. கடைசியாக வந்த யாரோ ஒருவர் எடுத்த சட்டை, அடுத்த நாள் பேட்சில் ஏறியிருக்கிறது. தம்பி போனைத் திறந்து திங்கட்கிழமை வரவைப் பார்த்தார். இருந்தது.